ஒரு வரி தள்ளி வந்த சிரிப்பு

நகைச்சுவை எழுதுகிறவனுக்கு வாய்க்கக்கூடிய பெரிய பாக்கியம், தன் கட்டுரையை ஒருவர் படித்துச் சிரிப்பதை எதிரே உட்கார்ந்து பார்ப்பது. எனக்கு அந்தப் பாக்கியம் ஒரே ஒருவரிடம்தான் கிடைத்தது. அவருடைய விரல்கள் ஒரு கறுப்புப் பெட்டியின் மேல் இடமிருந்து வலமாக ஊர்ந்துகொண்டிருக்கும். முகம் சன்னல் பக்கம் திரும்பியிருக்கும். எங்கே சிரிக்க வேண்டும் என்று நான் இரவெல்லாம் யோசித்து எழுதியிருந்தேனோ, அங்கே சிரிக்க மாட்டார். அதற்கு அடுத்த வரியில், என் பெரியப்பா காலமான செய்தியை நான் அடக்கத்தோடு தெரிவிக்கும் இடத்தில், தோள் குலுங்கச் சிரிப்பார்.

மூன்று கட்டுரைகளுக்கு இப்படி நடந்தது. மேலோட்டமான வாசகர்கள் உடனே சிரிப்பார்கள், ஆழமாகப் படிக்கிறவருக்குச் சிரிப்பு உள்ளே இறங்கி மேலே வரக் கொஞ்ச நேரம் ஆகும் என்று நான் ஒரு கொள்கையே வகுத்துக்கொண்டேன். என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வரியிலும் சிரிக்கவில்லை.

அவர் எங்கள் அலுவலக மேடத்தின் அப்பா. அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். புதுச்சேரியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஏறும்போதே மாத்திரை வாசனை அடிக்கும் ஒரு மாடி. மேடம் என்னைவிட வயதில் சிறியவர், மற்ற எல்லாவற்றிலும் பெரியவர். அவர் கணினிக்கு நிரல் எழுதுவார். அந்த நிரலை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் கையேடு எழுதுவேன், யாரும் பிரித்துப் பார்க்காத அந்த வகைக் கையேடு. மேடத்தின் அப்பாவை நாங்கள் எல்லோரும் ‘மெசியே’, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். பிரான்சில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அங்கேயே பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. ஊர் திரும்பும்போது கொண்டுவந்தவற்றில் அவர் மதித்தது அந்தக் கறுப்புப் பெட்டியை மட்டும்தான். அது பிரெயில் பலகை. கணினியில் உள்ள எழுத்தை நாற்பது நாற்பதாக வெட்டி, சின்னச் சின்ன ஊசிமுனைகளாக மேலே எழுப்பும். விரலால் தடவிப் படித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினால் அடுத்த வரி எழும். செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். பெட்டி மட்டும் மூடாமல் இருந்தது.

“இப்பல்லாம் கம்ப்யூட்டரே வாய்விட்டுப் படிக்குதே மெசியே” என்று ஒருமுறை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அது படிக்குது, நான் கேக்குறேன். படிக்கிறது நான் இல்லியே தம்பி. உனக்குக் கண்ணு இருக்கு, பேப்பர மூடி வச்சுட்டு உன் பொண்டாட்டிய படிக்கச் சொல்லிக் கேளு. எத்தினி நாளு தாங்குதுன்னு பாக்குறேன்.”

ஒரு நாள் மேடம் அலுவலகத்தில் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒரு நிரல் ஓடுகிறது. திரை, விசைப்பலகை, மற்ற கருவிகள் என்று எதுவாயிருந்தாலும் அதன் வழியாகத்தான் பேச வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பிடிவாதம் இருப்பதால், கெர்னலுக்கும் கருவிக்கும் நடுவே டிரைவர் என்று ஒரு தரகர் உண்டு. மெசியேயின் பெட்டிக்கும் ஒரு தரகர் இருந்தார். பல வருடங்களாக அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கெர்னலைப் பராமரிக்கிறவர்கள் உலகெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள், மின்னஞ்சலிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள். அவர்கள் இப்போது ஓர் அறிவிப்பு அனுப்பியிருந்தார்கள். இந்த டிரைவர் பழைய முறையில் எழுதப்பட்டிருக்கிறது, கவனிப்பாரில்லை, யாராவது சுத்தப்படுத்திப் பொறுப்பேற்காவிட்டால் நீக்கிவிடுவோம் என்று.

“பழைய கம்ப்யூட்டரையே வச்சுக்கிட்டா என்ன மேடம்?”

“வைத்திக்குப்பத்துக் கடலோரத்துல வீட வச்சுக்கிட்டுக் கேக்குற கேள்வியா சார் இது? உப்புக் காத்து. போன மழைக்கே உள்ள இருக்குற போர்டு துருப் பூத்துப் போச்சு. அடுத்ததா வாங்குற மெஷினு புது கெர்னல்தான் கேக்கும். அதுல டிரைவர் இல்லன்னா பப்பா கையில வெறும் பெட்டிதான்.”

அன்றிலிருந்து அலுவலக வேலை முடிந்ததும் மேடம் அதில் உட்கார்ந்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. அடுத்தவர் வீட்டுப் பரணை ஒழிக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறதே, அது நிரலிலும் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரே வேலையை மூன்று பேர் மூன்று காலத்தில் மூன்று இடத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்ததாகவே தெரியவில்லை. எதற்கு என்றே தெரியாத பெயர்கள், எங்கிருந்தும் கூப்பிடப்படாத செயல்கள், எப்போதும் உண்மையாகவே இருக்கும் நிபந்தனைகள். மேடம் மூன்றையும் ஒன்றாக்கினார், பெயர்களை மாற்றினார், ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் தனித்தனித் திருத்தமாக, எதற்காகச் செய்தேன் என்று நாலு வரி விளக்கத்தோடு எழுதினார். என் கட்டுரைகளை யாராவது இப்படிச் செய்ய மாட்டார்களா என்று ஏக்கமாக இருந்தது. செய்தால் என்ன மிஞ்சும் என்ற பயமும் இருந்தது.

கடைசியாக மிஞ்சியது ஓர் எச்சரிக்கை. நிரலை மொழிபெயர்த்து இயந்திரத்துக்குக் கொடுக்கும் மென்பொருள், நம் குறைகளையும் சொல்லிக்கொண்டே போகும். ‘பெட்டியின் நிலவரத்தைக் கேட்டு ஒரு மதிப்பை வாங்கி வைத்திருக்கிறாய், அதை எங்கேயும் பயன்படுத்தவில்லை’ என்றது. பார்த்தால் உண்மைதான். ஒவ்வொரு வரியையும் பெட்டிக்கு அனுப்பிய பிறகு, பழைய நிரல் பெட்டியைப் பார்த்து ‘எப்படி இருக்கிறாய்?’ என்று கேட்கிறது, பதிலை வாங்குகிறது, கீழே போட்டுவிடுகிறது. தெருவில் பார்த்தால் நாம் எல்லோரும் கேட்கிற மாதிரி. மேடம் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார். எச்சரிக்கை மறைந்தது. நிரல் துடைத்துவிட்ட பித்தளைச் செம்பு மாதிரி மின்னியது.

வீட்டில் போட்டு, ஒரு நீளமான செய்தியை ஓட விட்டு, “வருதா பப்பா?” என்று கேட்டார். “வருது, வருது” என்றார் மெசியே, பொத்தானை அமுக்கிக்கொண்டே. வரிகள் வந்தன, வரிசையாகவும் வந்தன. திருத்தங்களை அனுப்பினார். எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர், சுத்தமாக இருக்கிறது, ஏற்றுக்கொண்டேன், நீக்கும் அறிவிப்பைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினார். அலுவலகத்தில் பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டோம். கையேடு எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டார். அந்த ஓய்வில்தான் என் கட்டுரைகளை மெசியேயின் கணினியில் போட்டுப் படிக்கக் கொடுக்க ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகுதான் மெசியே மாற ஆரம்பித்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் முன் யோசித்தார். மாலையில் நண்பர்கள் இரும்புக் குண்டு உருட்டி விளையாடும் திடலுக்குப் போய் உட்கார்ந்து, குண்டு விழும் சத்தத்தை வைத்தே யார் ஜெயித்தது என்று சொல்வார். அதற்குப் போவதையும் நிறுத்திவிட்டார். “முட்டி வலி” என்றார். முட்டியை அமுக்கிவிடப் போனால் “வேணாம்” என்றார். மேடம் பெரிய ஆஸ்பத்திரியில் ஞாபக மறதிக்குப் பார்க்கும் டாக்டர் யார் என்று என்னிடம் குரலைத் தாழ்த்தி விசாரித்தார். விசாரிக்கும்போது அவர் கண் என் முகத்தில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியிருந்த நேரம், என் நாலாவது கட்டுரையோடு போனேன். ஆழமான வாசகரை இழக்க மனமில்லை. மேடம் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். மெசியே படிக்க, நான் கணினித் திரையில் அவர் எந்த வரியில் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். சிரிப்பு வழக்கம்போல் ஒரு வரி தள்ளி வந்தது. கடைசி வரிக்கு, நான் பெருமைப்படும் அந்தக் கடைசி வரிக்கு வந்தோம். மெசியே விரலை ஓட்டினார், கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நல்லாருக்கு” என்றார்.

“கடைசி வரி எப்படி?”

“எங்க இருக்கு கடைசி வரி? நீதான் எப்பவும் முடிக்காமலே வுட்டுடறியே. மத்தவங்க மாதிரி இல்லாம, அதான் புதுசா இருக்கு.”

எழுத்தாளனை அவன் எதிரிலேயே இப்படிப் புகழ்ந்தால் வேறு யாராயிருந்தாலும் பேசாமல் இருந்திருப்பார்கள். நான் திரையைப் பார்த்துக் கடைசி வரியைக் குரலெடுத்துப் படித்தேன். அவர் மறுபடி பெட்டியில் விரல் வைத்துப் பார்த்தார்.

“இல்ல தம்பி. இங்க அது இல்ல.” குரல் மெலிந்துவிட்டது. “எனக்குத்தான்…”

மேடம் ஈரக் கையோடு வந்து நின்றிருந்தார். முந்தானையில் துடைத்துக்கொண்டு ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினார். ஊசிமுனைகள் கீழே போய் மேலே வந்தன. மெசியே தடவினார். என் கடைசி வரி, அந்த வீட்டில் யாரும் கேட்காத நேரத்தில், எழுந்து நின்றது.

“எப்பலேருந்து பப்பா?”

“நீ புதுசா போட்டியே, அப்பலேருந்து.” மெசியே பெட்டியை விட்டுக் கையை எடுக்கவில்லை. “மொதல் தடவ அமுக்குனா ஒண்ணும் வராது. சரி, நாம அமுக்கல போலன்னு திரும்பி அமுக்குவேன். மணி என்னான்னு கேட்டா முன்ன படிச்ச சேதி நிக்குது. மறுபடி அமுக்குனா மணி வருது. நான் எதக் கேட்டேன்னே எனக்குச் சந்தேகம். கண்ணு போச்சு, இப்ப இதுவும் போவுதுன்னு நெனச்சேன்.”

“மெஷினுல தப்புன்னு தோணவே இல்லியா?”

“பொண்ணு எழுதுனது. அதுல தப்பிருக்கும்னு எப்படி நெனைக்கிறது? என் மேல சந்தேகப்படுறது ஈசி.”

மேடம் நேரே போய்த் தன் கணினியைத் திறந்தார். சமையலறையில் பூனை மீனைப் பார்த்துக்கொண்டது.

அன்று மாலையே காரணம் தெரிந்துவிட்டது. அந்தப் பெட்டி வரியை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும், ஊசிகளை எழுப்பாது. யாராவது நிலவரம் கேட்டால்தான், அந்தச் சாக்கில் எழுப்பும். பழைய நிரல் கேட்டது பதிலுக்காக அல்ல, கேட்பதற்காக. அதை எடுத்துவிட்டதால் ஒவ்வொரு வரியும் அடுத்த வரி வந்து தள்ளும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தது. கடைசி வரியைத் தள்ள யாருமில்லை. எனக்கு இதில் பிடிபடாத விஷயம் இன்றைக்கும் ஒன்று உண்டு. முதலில் எழுதியவருக்கு இது எப்படித் தெரிந்தது, தெரிந்தவர் ஏன் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதி வைக்கவில்லை? மேடம் கேள்வியைத் திரும்ப வைத்தார். அதற்கு மேலே, இது ஏன் இருக்கிறது, ஏன் எடுக்கக் கூடாது என்று மூன்று வரி விளக்கமும் எழுதினார். பிறகு, தான் அனுப்பியதில் தவறு என்று ஒப்புக்கொண்டு ஒரு திருத்தம் தயாரித்தார்.

அந்தப் பராமரிப்பாளர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பிழையைக் கண்டு சொன்னவர் பெயரைத் திருத்தத்தின் அடியில் ஒரு வரியாக எழுதுவார்கள். அதற்குக் கீழே, கடைசி வரியாக, அனுப்புகிறவர் பெயர் வரும். இரண்டும் அந்தத் திருத்தத்தோடு நிரலின் வரலாற்றில் ஒட்டிக்கொள்ளும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. பிழையைக் காட்டிக் கொடுத்தது என் கடைசி வரி என்ற முறையில் நான் அடக்கமாகக் காத்திருந்தேன். மேடம் தன் அப்பாவின் பெயரை எழுதினார். என் பக்கம் திரும்பி, “தப்ப அனுபவிச்சவருதான சார் கண்டுபுடிச்சவரு?” என்றார். நியாயம்தான். இருந்தாலும்.

மெசியே அதன் பிறகு என் பழைய நாலு கட்டுரைகளையும் முடிவோடு சேர்த்துத் திரும்பப் படித்தார். முடிவு இல்லாமல் இருந்ததே தேவலாம் என்பது அவர் தீர்ப்பு. சில வருடங்களுக்கு முன் அவர் காலமாகும்வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை. இப்போது என் வாசகர்கள் அந்தந்த இடத்திலேயே சிரிக்கிறார்கள் அல்லது சிரிப்பதில்லை. இரண்டிலும் ஒரு வரி தாமதம் கிடையாது, எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள வழியும் கிடையாது.

அன்று அந்தத் திருத்தத்தை உலகத்துக்கு அனுப்புவதற்கு முன், மேடம் அதை மெசியேயின் கணினியில் போட்டுவிட்டு, “நீயே படிச்சுப் பாரு பப்பா, சரியா இருந்தா அனுப்புறேன்” என்று சொல்லி உள்ளே போய்விட்டார். பக்கத்தில் நின்றால் தாங்காது என்று நினைத்திருப்பார். நான் மட்டும் எதிரே இருந்தேன். மெசியே விளக்கத்தை மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தார். தன் பெயர் வந்த வரியில் விரல் நின்றது. இரண்டு முறை தடவினார். பிறகு பொத்தானின் மேல் விரலை வைத்து, அமுக்காமல் கொஞ்சம் இருந்தார். இது கடைசி வரி, இதைத் தள்ள இதற்குப் பின்னால் எதுவும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஒரே ஒரு தடவை அமுக்கினார். ஊசிமுனைகள் எழுந்தன. மகளின் பெயர்.

“வந்துட்டா” என்றார்.

உள்ளேயிருந்து மேடத்தின் குரல் கேட்டது. “என்ன பப்பா, கூப்ட்டியா?”

“கூப்புடல” என்றார் மெசியே. “படிச்சேன்.”