அவள் கடையை நான் நடத்திய விதம்

என் மனைவி எர்ணாவூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். நாலு இரும்புக் கம்பம், மேலே தகரம், உள்ளே இரண்டு அடுப்பு, ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவளுடைய ஆட்கள் எல்லாரும் சாலையில், லாரிக்குள் இருந்தார்கள்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எங்கள் பக்கத்தில் வரிசை கட்டி நிற்கும். சில நாள் ஆறு மணி நேரம், சில நாள் ஒன்றரை நாள். ஓட்டுகிறவர் இறங்க முடியாது. சோறு தின்ன இறங்கிய நேரம் பார்த்து வரிசை நகர்ந்தால், பின்னால் இருப்பவன் மூக்கை நுழைத்துவிடுவான். அப்புறம் சண்டை, போலீஸ். அதனால் என் மனைவி சோற்றுக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையோடு நடப்பாள். ஜன்னல் ஜன்னலாகத் தட்டை மேலே நீட்டுவாள். இதை அவள் ஒன்பது வருடம் செய்தாள். அதில் ஒரு நாள்கூட நான் அவளோடு நடக்கவில்லை.

நான் பட்டாளத்துக்காரன். பனிமலையில் இடது காலின் மூன்று விரல்கள் கருகி, எடுத்துவிட்டார்கள். ஹவில்தாராக வீட்டுக்கு வந்தேன். வந்தவனுக்கு மணலியில் ஒரு தொழிற்சாலை கேட்டில் காவல் வேலை கிடைத்தது. வருகிற காருக்கெல்லாம் சல்யூட் அடித்து, டிக்கியைத் திறந்து பார்த்து மூடுகிற வேலை. எனக்கு அதில் வெட்கம் இருந்தது. அந்த வெட்கத்தை என் மீது வைத்துக்கொள்ளாமல் அவள் மீது வைத்தேன். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி லாரிக்காரனுக்குச் சோறு நீட்டுகிறாளே என்று.

ஒருமுறை கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வெளியே அவள், குண்டானோடு இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில். "யக்கா, இங்க ஒண்ணு!" என்று கத்துகிறார்கள். பக்கத்து சீட்டுக்காரர், "யாருண்ணே அந்தம்மா, இந்த வெயில்ல?" என்றார். நான் "தெரியல" என்று சொல்லிவிட்டு மறுபக்க ஜன்னலைப் பார்த்தேன். இதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. இங்கேதான் முதல்முதலாக எழுதுகிறேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

அவளுக்குக் கால் வீங்கியது. நின்றே வேலை செய்வதால் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில், சர்க்கரை முற்றி இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். முதல் மாதம் அங்கேயே படுக்கவும் வைத்துவிட்டார்கள். நான் காவல் வேலையை விட்டேன்.

"கடைய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

சிரித்தாள். "உன்னாலயா? அங்க ஆளுங்ககிட்ட பேசணும்யா."

"நூறு பேருக்கு லங்கர் நடத்தினவன் நான்." லங்கர் என்றால் பட்டாளத்துச் சமையல்கூடம்.

"அவனுங்க உன் ஆர்டருக்கு நின்னானுங்க. இவங்க ஹார்பர் கேட்டு தொறக்கறதுக்கு நிக்கறாங்க. அத்த நெனப்புல வச்சிக்கோ."

நான் வைத்துக்கொள்ளவில்லை. அவள் ஓய்வெடுக்கட்டும் என்று அவள் போனை அணைத்துப் பீரோவில் பூட்டினேன். கடைக்குப் போய் முதல் வேலையாக ஸ்டோர் செக்கிங் செய்தேன். பட்டாளத்தில் எந்தப் பொறுப்பை ஏற்றாலும் முதலில் இருக்கும் சாமானைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தொண்ணூறு தட்டு வாங்கியதாக நினைவு. அலமாரியில் முப்பத்தெட்டு இருந்தது.

பாத்திரம் தேய்க்க ஒரு பெண் வருவார். குடிசை மாற்றுக் குடியிருப்பில் எங்களுக்கு எதிர் பிளாக். நாங்கள் அவரை எதிர் பிளாக்காரம்மா என்போம். "தட்டு வந்துடும்ணே" என்றார்.

"எங்கருந்து வரும்? கால் மொளச்சா?"

"இன்னாண்ணே இப்டி பேசற, வரும்ணே."

"நான் எண்ணிக்கிட்டு இருக்கேன்மா, பேசாத."

மறுநாள் பலகை எழுதி மாட்டினேன். தட்டு வெளியே தரப்படாது. வண்டியிலிருந்து இறங்கி வந்து வரிசையில் நின்று சாப்பிடவும். காலை ஏழு முதல் ஒன்பது, மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு. எழுத்து அழகாக வந்திருந்தது. எட்ட நின்று பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், காலி டிரெய்லர் ஒன்று கடை எதிரே நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது. ஓட்டி வந்தவர் எர்ணாவூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். என் மனைவியை அக்கா என்று கூப்பிடுகிறவர், அதனால் எனக்கு மச்சான் முறை. ஜன்னல் வழியாகத் தட்டுக் கட்டு ஒன்றை நீட்டினார். பதினொரு தட்டு.

"இது எப்டி உன் வண்டில?" என்றேன்.

"லைன்ல கெடச்சிது மாமா."

"பதினொண்ணும் கெடச்சிதா? மொத்தம் எவ்ளோ எடுத்த?"

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. வண்டியை அணைக்காமல் இறங்கினார். பெஞ்சின் மேல் தட்டுகளை ஒவ்வொன்றாக, சத்தம் வரும்படி வைத்தார். "எண்ணிக்கோ. நல்லா எண்ணிக்கோ. அக்கா வரட்டும், அப்பால பேசிக்கறேன்."

மறுநாளிலிருந்து கடைக்கு ஒருவரும் வரவில்லை. வரிசை எப்போதும்போல எதிரிலேயே நின்றது. ஓட்டுநர்கள் என் பலகையைப் படித்தார்கள், பிஸ்கட் தின்றார்கள், என்னைப் பார்க்காமல் நேரே பார்த்தார்கள். வடித்த சோற்றை பிளாக் முழுக்கக் கொடுத்தோம். பட்டாளத்தில் எதிரியின் மௌனம் பழகியிருக்கிறேன். பசித்தவனின் மௌனம் புதிது.

ஆஸ்பத்திரியில் அவள் தினமும் கேட்பாள். நான் தினமும் பொய் சொன்னேன். அறிக்கை கொடுப்பதுபோல, நிமிர்ந்து உட்கார்ந்து, பெயரில்லாத ஆட்களும் கற்பனைத் தோசைகளுமாக. இரண்டு வாரம் ஓட்டினேன்.

"நாமக்கல்காரரு வந்தாரா?" என்றாள் ஒரு நாள்.

"வந்தார். நாலு பூரி. கிழங்கு தனியா கேட்டு வாங்கினார்."

கழுத்தில் குழாயோடு அவளால் சிரிக்க முடியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. "அவருக்கு வயித்துல புண்ணுய்யா. மூணு வருசமா தயிர் சோறு தவிர எங்கிட்ட ஒரு பருக்க வேற தின்னதில்ல."

நான் கட்டிலின் காலைப் பார்த்தேன்.

"ஈ ஓட்டிகினு கீறியா?"

"ம்."

"இன்னா பண்ண?"

சொன்னேன். பலகை, நேரம், தட்டு, அந்த டிரெய்லர்காரர். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சாப்டுகினு இருக்கசொல்ல லைன் நகந்துடும்" என்றாள் மெல்ல. "தட்ட இன்னா பண்ணுவாங்க? பின்னாடி வண்டில குடுப்பாங்க. அவரு, எறக்கிட்டு திரும்பற வண்டில குடுப்பாரு. திரும்பற வண்டி நம்ம கடையாண்ட ரெண்டு ஹாரன் அடிக்கும். ஒரு தட்டு தூத்துக்குடி போயிட்டு மாசம் கழிச்சி வந்துதுய்யா, கழுவி, உள்ள கடலமிட்டாய் வச்சி. தட்ட குடுக்க நிப்பாட்டுனாதான், அடுத்தது எப்ப வருவேன், எத்தினி பேருன்னு சொல்லிட்டு போவாங்க. தட்டு வரலன்னா எனக்கு ஒண்ணுமே தெரியாது." மூச்சு வாங்கியது. "ஒம்போது வருசத்துல ஒரு தட்டு தொலையல. நீ அவன திருடன்ட்டியே."

"நீ எங்கிட்ட சொன்னதே இல்லியே."

"நீ கேட்டதே இல்லியே."

நர்ஸ் வந்து மெஷினைப் பார்த்துவிட்டுப் போனார். "எந்திரி" என்றாள் அவள். "போயி அவன்கிட்ட பேசு. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

அன்று மதியம் வரிசையின் வாலிலிருந்து நடந்தேன். விரலில்லாத காலுக்குத் தார் ரோடு ஆகாது. திருவொற்றியூர் பக்கம் வந்தபிறகுதான் அந்த டிரெய்லர் கண்ணில் பட்டது. என்னைப் பார்த்ததும் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா மிலிட்டரி, ரெய்டா? உள்ள ஒரு டம்ளர் கூட கீது, எடுத்துக்கினு போ."

"தப்பு என்னுதுதான்பா."

"இன்னா? காதுல வுழல."

"தப்பு என்னுது. தெரியாம பேசிட்டேன்."

வரிசை நகர்ந்தது. அவர் வண்டியை எடுத்தார். நான் கதவைப் பிடித்தபடி கூடவே நொண்டி நடந்தேன். பத்தடி போய் நின்றது. அவர் சாலையைப் பார்த்தபடியே கேட்டார்: "அக்கா எங்க? போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப்."

சொன்னேன். கிட்னி, மெஷின், கழுத்துக் குழாய். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே பேசினார். "இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னாய்யா? நீ கடைய புடுங்கிகினு அக்காவ வூட்ல உக்கார வச்சிட்டன்னு லைன் பூரா பேசிகினு கீறோம்." பிறகு ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, பின்னால் இருந்த வண்டிக்குக் கத்தினார். அது அதற்குப் பின்னால் இருந்த வண்டிக்குப் போனது. நான் கடைக்குத் திரும்புவதற்குள் சேதி என்னைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

பலகையைக் கழற்றினேன். அவள் போனுக்கு சார்ஜ் ஏற்றினேன். மறுநாள் குண்டானை நான் இடுப்பில் வைத்தேன். ஆண்பிள்ளை இடுப்பில் அது நிற்காது என்று எதிர் பிளாக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். தலையில் வைத்துக்கொண்டேன். பட்டாளத்தில் அதைவிடக் கனமாகச் சுமந்திருக்கிறேன். முதல் நாள் ஒன்பது சாப்பாடு. வாரக் கடைசியில் அறுபது. "சாம்பார்ல உப்பு கம்மி மிலிட்டரி, பனிமலைலயே வுட்டுட்டியா?" என்பார்கள். யாருக்கு முள்ளில்லாத மீன், யாருக்கு வெங்காயம் ஆகாது, யார் மாலை போட்டிருக்கிறார், எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாமக்கல்காரரும் வந்தார். தயிர் சோறு கொடுத்தேன். முதல் வாய் தின்றுவிட்டு, "அக்கா கைப்பக்குவம் வரலீங்க. ஆனா வந்துடும்ங்க" என்றார்.

ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். இந்த முறை ஒன்றுகூடப் பொய்யில்லை.

"அப்டியா" என்றாள். "சந்தோசம்யா."

புன்னகைத்தாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பொய் சொன்ன இரண்டு வாரமும் இதே புன்னகைதான், இதே "சந்தோசம்யா"தான். நாமக்கல்காரரின் தயிர் சோற்றைச் சொன்னேன். அவளே சொல்லிக்கொடுத்ததுதானே அது, திருப்பி ஒப்பிக்கிறேன் என்று நினைத்திருக்கலாம். போனில் வரிசையைப் படம் பிடித்துக்கொண்டு போனேன். அதற்குள் சர்க்கரை அவள் கண்ணையும் தின்றிருந்தது. படத்தை முகத்துக்கு வெகு அருகில் வைத்துப் பார்த்தாள். "நல்லா கீது" என்றாள். திரையில் விரல் பட்டு, படம் அப்போது அணைந்திருந்தது.

"நீயே வந்து பாரு" என்றேன். டாக்டர் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து, ராயபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் அவளைக் கடைக்கு அழைத்து வருவதாக முடிவு செய்தோம். டிரெய்லர்காரர் அன்றைக்கு லோடு எடுக்கப்போவதில்லை என்றார். எதிர் பிளாக்காரம்மா அந்தப் பெஞ்சுக்குப் பெயின்ட் அடித்தார்.

சனிக்கிழமை காலை அவளை மெஷினில் விட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்தில் வருகிறேன் என்று கடைக்கு வந்தேன். வரிசை நீளமாக இருந்தது. தலையில் குண்டானோடு நடக்கும்போது சட்டைப் பையில் அவள் போன் அடித்தது. அதில் வருவதெல்லாம் சாப்பாட்டு ஆர்டர்தான். எடுத்ததும், "எத்தன சாப்பாடு?" என்றேன்.

எதிர்ப்பக்கம் நர்ஸ். மெஷினில் இருக்கும்போதே பிரஷர் இறங்கிவிட்டது என்றார்.

அவள் சாகும்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால், அவள் ஒன்பது வருடம் நடந்த இடத்தில் இருந்தேன். இதைச் சொன்னால் சிலர் ஆறுதலாகத் தலையாட்டுகிறார்கள். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. பக்கத்தில் இருந்திருந்தால் ஒரே ஒரு முறை, நிஜமாகவே கடை நடக்கிறது, என்னை நம்பு என்று சொல்லியிருப்பேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. கடையை மூடவில்லை. இப்போது இரண்டு பெண்கள் சமைக்கிறார்கள், டிரைசைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறேன், எண்ணூர் பக்கம்வரை போகிறோம். நல்லாப் பண்ணிட்டப்பா என்கிறார்கள். நான் மாதா கோவில் குடும்பத்தில் பிறந்தவன்தான். ஆனாலும் பட்டாளத்தில் ஞாயிறுதோறும் சாமி கும்பிடுவதும் ஒரு பரேடு; நில் என்றால் நின்று, கும்பிடு என்றால் கும்பிட்டு, எனக்கென்று ஒரு ஜெபம் இல்லாமல் போய்விட்டது. அவள் இருந்தவரை அவள் எனக்கும் சேர்த்துக் கும்பிட்டாள்.

இப்போது தினமும் கடைக்குப் போகுமுன் கோவிலுக்குப் போகிறேன். மாதா முன்னால் முழங்காலிட்டு, நேற்று யார் வந்தார், என்ன சாப்பிட்டார் என்று சொல்கிறேன். மன்றாட்டு எதுவும் இல்லை. உன் பக்கத்தில்தான் இருக்கிறாள், அவளிடம் சொல், நீ சொன்னால் நம்புவாள், அவ்வளவுதான்.

போன வாரம் எதிர் பிளாக்காரம்மா கூட வந்திருந்தார். அவர் அம்மன் கோயில்காரர், மெழுகுவர்த்தி ஏற்றத்தான் வந்தார். என் முணுமுணுப்பைக் கேட்டுவிட்டு முழங்கையால் இடித்தார்.

"இன்னாண்ணே, மாதாவாண்ட போயி இட்லி தோசைன்னு ஒப்பிச்சிகினு கீற? அல்லாரும் பாக்கறாங்க."

"அவகிட்ட சொல்லட்டும்னுதான்."

"அக்காவுக்கு தெரியும்ணே."

"தெரியும்னு உனக்கு யாரு சொன்னா?"

 பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அதற்காக அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் மண்டியிட்டார்.

எங்கே விட்டேன் என்று எனக்கு மறந்துவிட்டது. முதல் வண்டியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.