அப்பா கண்ட சந்திரன்

காலையில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது செல்போன் டிங் என்றது. இந்த போனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பழைய படங்களில் ஒன்றை அதுவாகவே எடுத்து, பார் பார் என்று முகத்துக்கு நேரே நீட்டும். சாதாரணமாக யாருடைய கல்யாணமாவது வரும், இல்லாவிட்டால் என்றோ தின்ற பிரியாணி. இன்றைக்கு வந்தது ஒரு கறுப்புப் படம். உற்றுப் பார்த்தால் கீழ் ஓரத்தில் தென்னை மண்டைகள் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். பைக்குள் கிடந்த போன் தானே அமுங்கி எடுத்த படம் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை, நான்தான் எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூரண சந்திர கிரகணத்தை எடுத்த படமாக்கும் அது. சிரிக்காமல் மீதியையும் கேளுங்கள்.

அப்போது நான் கேரள எல்லைப் பாறசாலையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணிக்கொண்டிருந்தேன். பெண்ணின் கன்னத்துப் பருவை அழிக்க வேண்டும், மாப்பிள்ளைக்கு நெற்றியில் கொஞ்சம் முடி கூட்ட வேண்டும், பின்னால் தெரிகிற கக்கூஸ் சுவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சந்திரனை ஒட்ட வேண்டும். ஸ்டுடியோ நடத்திய அண்ணன் கம்ப்யூட்டரில் சந்திரனுக்கென்றே தனி ஃபோல்டர் வைத்திருந்தார். பிறை, முழுசு, மேகத்தோடு, மேகமில்லாமல். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கல்யாணம் பண்ணின எல்லாருடைய தலைக்கு மேலேயும் ஒரே சந்திரன்தான் நிற்கும், வீட்டில் ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

ஸ்டுடியோ என்றதும் எனக்கு லேமினேஷன் சூட்டின் வாசனை வருகிறது. அதன் பின்னாலேயே வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டின் வாசனையும் வந்துவிடுகிறது. அது அப்பாவின் ஆட்டோ. வண்டிக்கு எபனேசர் என்று பேர். பொழியூரில் இருந்து மீன்கூடையோடு ஏறுகிற அக்காமார்தான் அதிகமும் அவருடைய சவாரி. சனிக்கிழமை சாயங்காலம் சோப்பும் டெட்டாலும் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அதில் ஏறி ஆராதனைக்குப் போனால், பாதி ஜெபத்தில் பக்கத்து பெஞ்சுக்காரி மூக்கைச் சுளிப்பாள். அம்மாவுக்கு மானம் போகும். அப்பாவுக்கு ஒன்றும் போகாது. "பேதுருவும் மீன்காரன்தானே" என்பார்.

அந்த வருஷம் அப்பாவுக்குக் கண்ணில் புரை வந்து ஆபரேஷன் முடிந்திருந்தது. பகலில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. சாயங்காலம்தான் பிரச்சினை. "அந்தியாச்சுன்னா போச்சு மக்கா. எதுக்க வாற வண்டி லைட்டு எல்லாம் பஞ்சு பஞ்சா விரியுது" என்றார். டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருந்தார். இவர் போகவில்லை. போனால் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். வண்டி முற்றத்தில் சும்மா நின்றது. தினமும் காலையில் போய் ஸ்டார்ட் பண்ணுவார், கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார்.

அப்போதுதான் அந்த கிரகணம் வந்தது. ஜனவரிக் கடைசி. உதிக்கும்போதே சிவப்பாக உதிக்குமாம், பெரிசாக இருக்குமாம் என்று டிவியில் ஒரே பேச்சு. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் காணுததை நானும் கண்டா நாளைக்கே வண்டிய எடுப்பேன். காணல்லேன்னா குடுத்திருவேன். பொறவு யாரும் ஒண்ணும் சொல்லப்பிடாது."

அவருக்கு அவரே வைத்துக்கொண்ட பரீட்சை. டாக்டரை நம்பாத மனுஷன் சந்திரனை நம்பினார். அதுவும் எந்தச் சந்திரனை என்று பாருங்கள், இருட்டுக்குள் போகப்போகிற சந்திரனை!

அன்று சாயங்காலம் அம்மா கிணற்றைத் தகரம் வைத்து மூடினாள். காயப்போட்ட துணியை உள்ளே எடுத்தாள். மீன்குழம்புச் சட்டிக்கு மேல் ஒரு தட்டு, தட்டுக்கு மேல் ஒரு கல்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"நமக்கு என்னத்த கிரகணம், நாம வேதக்காரங்கல்லா. கிணத்துல இலை விழுந்திரும், அதுக்காக்கும்."

நான் ஸ்டுடியோ கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கேமரா முக்காலி வைக்க இடமில்லை, பின்னால் அப்பா இருந்தார். வாழ்நாள் முழுக்க ஆளேற்றி ஓட்டின மனுஷன், முதல் தடவையாக மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, வளைவு தோறும் காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார். போனது பொழியூர் கடற்கரைக்கு. சித்திரைப் பௌர்ணமிக்கு வருஷா வருஷம் கன்னியாகுமரிக்குச் சவாரி போகிறவர் அல்லவா. அங்கே ஒரு பக்கம் சூரியன் கடலில் இறங்கும், மறுபக்கம் சந்திரன் கடலில் இருந்தே ஏறும். அதனால் அவர் கணக்கில் சந்திரன் என்றால் கடலில் இருந்துதான் வர வேண்டும்.

இவர் மட்டும் இல்லை, ஊரே அந்தக் கணக்கில்தான் வந்திருந்தது. அலையைத் தடுக்கப் போட்ட கல்லுக்கட்டு மேல் வரிசையாக ஆட்கள், கைக்குழந்தையோடு பெண்கள், ஐஸ்காரன்கூட வந்துவிட்டான். எல்லாரும் கடலைப் பார்த்து நின்றோம். சூரியன் முழுகியது. அது முழுகின இடத்தையே வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றோம், அடுத்து சந்திரன் அதே வாசல் வழியே வெளியே வரும் என்று. நானும்தான். டிகிரி படித்தவள்.

ஒரு பெண் போனைத் தூக்கிக் காட்டிக் கத்தினாள். "டிவில வந்தாச்சு! ஏதோ ஊர்ல செவப்பா நிக்குது! இஞ்ச எங்க?"

யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். "எலே, சூரியன் போன வழியில சந்திரன் எப்படிலே வரும்? பொறத்தால பாருங்கலே!"

மொத்தக் கூட்டமும் ஒன்றாகத் திரும்பியது. கிழக்கே தென்னை, ஓட்டு வீடுகள், கோயில் கோபுரத்துச் சிலுவை. வானம் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. சந்திரன் இல்லை. உதிக்கவில்லையா, உதித்தும் தெரியவில்லையா, இதுதான் கிரகணமா, கிரகணம் முடிந்தே போனதா, ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு வானத்தில் துழாவினேன்.

அப்போது அப்பா கையை நீட்டினார். "அதோ."

"எவிடே? எவிடே?" என்று நாலு பேர் அவர் விரலின் பின்னால் வந்து நின்றார்கள். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தர் சொன்னார், "ஆங், கண்டு கண்டு!" அவ்வளவுதான், தீப்பிடித்தது. "உண்டு உண்டு, செவப்பா!" "வட்டமா நிக்குதே!" குழந்தைகளைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். எனக்கு மட்டும் தெரியவில்லை. ஊரில் எனக்கு மட்டும் கண் போய்விட்டதா என்று பதறினேன். இருந்தாலும் விடுவேனா, அப்பா காட்டின திசைக்கு நேரே ஒரு கிளிக் பண்ணினேன். அதுதான் பிறகு போனிலும் ஏற்றி வைத்த அந்தக் கறுப்புப் படம்.

"கண்டாச்சு, போவோம்" என்றார் அப்பா. திரும்பி வரும்போது வளைவில் பிரேக்கைக்கூட மிதிக்கவில்லை. எனக்கோ சந்தோஷம், அப்பா பாஸாகிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு, சந்திரனின் ஓரம் வெளுத்துத் தென்னைக்கு மேலே நன்றாகத் தெரிந்தது. ஓடிப்போய்க் கூப்பிட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பவில்லை. "ஒரு தடவ கண்டாப் போதாதா?"

மறுநாள் படத்தைப் பார்த்து ஸ்டுடியோ அண்ணன் சிரியாய்ச் சிரித்தார். "இதுக்கு ஏன் வருத்தம், நம்மட்ட ஸ்டாக் உண்டே." ஃபோல்டரைத் திறந்து ஒரு முழுச் சந்திரனை எடுத்துச் சிவப்படித்து, என் தென்னை மண்டைகளுக்கு மேல் ஒட்டி, பெரிசாக பிரிண்ட் போட்டுக் கடை வாசலில் மாட்டினார். வந்தவனெல்லாம் "நானும் அங்க உண்டு, அப்படியே இருக்கு" என்றான். அப்பாவும் ஒருநாள் வந்து பார்த்ததாக அண்ணன் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்தாராம். "நல்லா விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்த வாரமே ஆட்டோவை விற்றுவிட்டார்.

எங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை. "கண்டாச்சுன்னு சொன்னீயளே, பொறவு எதுக்கு?" என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். "ஓட்டினது போதும்" என்பதுதான் பதில். களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஒருத்தர் எபனேசரை ஓட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒருவழியாக அப்பாவை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் நன்றாக இருக்கிறது, வெளிச்சம் விரிவதும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். "அவரு போர்டுல எழுத்து பெருசாக்கும்" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து வந்துவிட்டார். கண்ணாடி போட வேண்டி வந்தது எனக்குத்தான்.

அந்தக் கல்லுக்கட்டு இப்போது இல்லை, கடல் கொண்டுபோய்விட்டது. அதன் பின்னால் நின்ற வீடுகளும் பாதி இல்லை. ஸ்டுடியோ இருந்த இடத்தில் மொபைல் கடை. சிவப்புச் சந்திரன் எந்தக் குப்பையில் போனதோ.

காப்பிக்கு வந்த அப்பா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்னதாக்கும் அது?"

"அன்னைக்குக் கல்லுக்கட்டுல எடுத்த படம்பா. கிரகணம்."

போனை வாங்கினார். கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். "சந்திரன் எங்க? எனக்குத்தான் தெரியல்லியோ?"

"இல்லப்பா, விழல்ல. எனக்கும் தெரியல்ல. அன்னைக்கும் தெரியல்ல."

"கடையில மாட்டியிருந்த படத்துல உண்டே. நான் போய்க் கண்டேன்லா."

"அது அண்ணன் கம்ப்யூட்டர்ல ஒட்டினதுப்பா."

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் சும்மாவாக்கும் கையக் காட்டினேன். நீ கேமராவத் தூக்கிட்டு முழிச்சுக்கிட்டு நின்னியா, எங்கயாவது காட்டுவோம்னு காட்டினேன். உடனே எல்லாவனும் கண்டு கண்டுன்னுட்டான். பொறவு படமும் வந்தாச்சு. அப்போ உண்டு, எனக்குத்தான் காணல்லன்னு நெனச்சேன். அதான் குடுத்தேன்."

அவர் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நம்ம வண்டி?" என்றார்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு. "போச்சுல்லாப்பா" என்றேன்.