இதானே நீ சொன்னது?

ஏழு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காக இன்றுவரை ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகாத காலம் அது. ஆசிரியர் பயிற்சிக்காக வெள்ளிமலைப் பக்கமிருந்து இறங்கி வந்து, விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் மலைக்காரி நான் ஒருத்திதான். இங்கிலீஷ் எடுத்த மிஸ் நல்லவர், ஆனால் அவசரக்காரர். எழுதினால் மட்டும் போதாது, பேசவும் வேண்டும் என்பார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைத்து, கரும்பலகையில் ஒரு தலைப்பு எழுதுவார். பத்து நிமிடம் இங்கிலீஷிலேயே விவாதம் செய்ய வேண்டும். அவர் வட்டத்துக்கு வெளியே நோட்டோடு உட்கார்ந்து, யார் எத்தனை முறை பேசுகிறார்களோ அத்தனை டிக் போடுவார். எட்டாவது வாரம் தேர்வு. அதில் மூன்று டிக்காவது வாங்கினால் பாஸ். பாஸானால்தான் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் டீச்சர்.

நான் டீச்சராகியே தீர வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கீழிருந்து போஸ்டிங் வாங்கி வருகிறவர்கள், மலைப்பாதை பஸ்ஸில் நாலு தடவை வாந்தி எடுத்ததும் மாறுதல் கேட்டு மனு எழுதிவிடுவார்கள். பாதி நாள் அந்த நாற்காலி காலியாகக் கிடக்கும். அதில் நான் போய் உட்கார வேண்டும். வேறு ஆசை எனக்கு இருந்ததில்லை.

முதல் வெள்ளிக்கிழமை, டிவி நல்லதா கெட்டதா என்று தலைப்பு. மணலூர்பேட்டையிலிருந்து வந்த ஒருத்தி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கெட்டிக்காரி. அடுத்தவள் வாக்கியத்தைப் பாதி சொல்லும்போதே "ஐ டோட்டலி டிஸ்அக்ரீ" என்று பாய்வாள். அவள் முடிப்பதற்குள் இன்னொருத்தி. நானும் சொல்வதற்கு நாலு வாக்கியம் தயார் செய்துகொண்டு காத்திருந்தேன். யாராவது பேசி முடிப்பார்கள், முடித்ததும் பேசலாம் என்று. ஒருத்தியும் முடிக்கவில்லை. மணி அடித்துவிட்டது.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. எதிராளி பேசி முடித்து "அவ்ளோதான்" என்று சொல்கிற வரை குறுக்கே பேசக் கூடாது. அதன் பிறகும் எடுத்த எடுப்பில் பதில் சொல்லிவிட முடியாது. அவன் சொன்னதை அவனுக்கே திருப்பிச் சொல்லி, "இதானே நீ சொன்னது?" என்று கேட்க வேண்டும். அவன் "ஆமா" என்றால்தான் உன் முறை. "இல்ல" என்றால் மறுபடி கேட்க வேண்டும். ஒருமுறை எங்கள் சாமைக் காட்டில் பக்கத்துக் காட்டுக்காரனின் ஆடு புகுந்து மேய்ந்துவிட்டது. கூட்டத்தில் என் அம்மாவுக்குக் கோபமான கோபம். இருந்தாலும் எழுந்து, "அவரு சொல்றது இன்னான்னா, நாங்க வேலி போடல, அதனால ஆட்டு மேல தப்பு இல்லன்றாரு. இதானே நீ சொன்னது?" என்று கேட்டாள். தன் பேச்சு அடுத்தவர் வாயில் வந்தபோது அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அந்த ஆளுக்கே தெரிந்துவிட்டது. "ஆமா" என்பதற்குள் தலை தொங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் அம்மா ஆரம்பித்தாள், யப்பா!

அப்படி வளர்ந்தவளை அந்த வட்டத்தில் உட்கார வைத்தால் என்ன செய்வாள்? இரண்டாவது வாரமும் டிக் இல்லை. மூன்றாவது வாரம் மிஸ் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, வாயுள்ள பிள்ளைதான் பொழைக்கும். நீ இப்படியே உக்காந்துக்கினு இருந்தா எப்படி?"

"அவங்க முடிக்கட்டும்னு பாத்தேன், மிஸ்."

"யாரும் முடிக்க மாட்டாங்க. நீதான் நடுவுல பூந்து பேசணும்."

புகுந்து பேச நான் என்ன ஆடா? கேட்கவில்லை, மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். என் நாலு வாக்கியம் வாரத்துக்கு வாரம் தயாராவதும் வீணாவதுமாக ஏழு வாரம் போயிற்று. விடுதியில் என்னைப் பார்த்தாலே "ஊமை ஊரக் கெடுக்கும்டி" என்று சிரிப்பார்கள். மணலூர்பேட்டைக்காரி ஒருத்திதான் சிரிக்காமல், "ஏன்டி, நீயும் நடுவுல கத்தேன், யார் வேணான்னது?" என்றாள். கத்தத் தெரியாமல் இல்லை. எதிரில் இருக்கிறவள் சொல்வதைக் கேட்காமல் அவளுக்கு எப்படிப் பதில் சொல்வது? அதை நான் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். பிடிவாதம்தான். ஃபெயிலாகிவிடுவோம் என்ற பயமும் இருந்தது.

எட்டாவது வாரம் மிஸ் கரும்பலகையில் எழுதிய தலைப்பைப் படித்ததும் எனக்கு உடம்பு சூடாகிவிட்டது. பிள்ளைகள் குறைவாக உள்ள மலைப் பள்ளிகளை மூடிவிட்டு, அந்தப் பிள்ளைகளை அடிவாரத்து விடுதிகளில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம் என்றார்கள், ஒருத்தர் பாக்கியில்லாமல். பத்துப் பிள்ளைக்கு ஒரு வாத்தியார் தண்டம் என்றாள் ஒருத்தி. அவள் மேல் பாய்ந்து இன்னொருத்தி, பஸ் போகாத ஊருக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்றாள். மலைக்காரர்களுக்குப் படிப்பில் அக்கறை கிடையாது, பிள்ளைகளைக் காட்டுக்கு இழுத்துப் போய்விடுவார்கள் என்றாள் மணலூர்பேட்டைக்காரி. மலைக்காரி அங்கேயே உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. மிஸ் டிக் போட்டுக்கொண்டே இருந்தார். மணி பார்த்தார்.

நான் எழுந்து நின்றேன். அந்த வட்டத்தில் யாரும் எழுந்து பேசியதில்லை. நேராக மணலூர்பேட்டைக்காரியைப் பார்த்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

"யூ சே, ஹில் ஃபாதர் மதர் நோ கேர் ஃபார் ஸ்கூல். திஸ் யூ சே. கரெக்ட்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"நோ... நான் அப்படிச் சொல்லலடி" என்று தமிழில் வந்துவிட்டது அவளுக்கு.

"தென் வாட் யூ சே?"

அவள் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். பத்துப் பிள்ளைக்கு ஒரு வாத்தியார் தண்டம் என்றவளிடம் திரும்பினேன். அவளுடையதையும் அப்படியே சொல்லி, கரெக்டா என்று கேட்டேன். "எஸ்" என்றாள், காதில் விழாத குரலில். அதற்குள் மணி அடித்துவிட்டது. மிஸ் நோட்டை மூடினார்.

"டைம் ஓவர். உக்காரு."

"நான் இன்னும் முடிக்கல, மிஸ்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, உயரட்டும். "எட்டு வாரம் நான் காத்துக்கினு இருந்தேன். நீங்க ரெண்டு நிமிஷம் காத்துக்கினு இருங்க."

நான் வட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். மை ஸ்கூல், ஒன் டீச்சர், லெவன் சில்ட்ரன். ஆறு வயதில் என்னை விடுதியில் விடு என்றால் என் அம்மா விட்டிருக்க மாட்டாள், காட்டுக்குத்தான் கூட்டிப் போயிருப்பாள். இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று தெரியாமல் ஒரு நொடி தவித்தேன். பிறகு வந்தது.

"நோ தட் ஸ்கூல், நோ மீ."

அவ்வளவுதான் என்று தமிழில் சொல்லி முடித்து உட்கார்ந்தேன்.

மாலையில் மதிப்பெண் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயருக்கு நேரே ஒரு டிக். ஃபெயில். நேராக ஆசிரியர் அறைக்குப் போனேன். மிஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நீ எழுந்து பேசினது ஒரே தடவைம்மா. மூணு வேணும். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே? நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றேன். பிறகு கேட்டேன்.

"மிஸ், நீங்க சொல்றது இன்னான்னா, நான் ஒரு தபாதான் பேசினேன், மூணு தபா பேசணும், அதனால ஃபெயிலு. இதானே நீங்க சொன்னது?"

"ஆமா."

"மணலூர்பேட்டைக்காரிக்கு ஆறு டிக்கு போட்டிருக்கீங்க. அவ பேசினதுல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, மிஸ்."

அவர் நோட்டைப் பிரித்துப் பார்த்தார். அதில் டிக் மட்டும்தான் இருந்தது.

"நான் பேசினதுல ஒண்ணு?"

மிஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நோ தட் ஸ்கூல், நோ மீ" என்றார். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

பையைக் கீழே வைத்தார். பேனாவைத் திறந்து, என் பெயருக்கு நேரே இன்னும் இரண்டு டிக் போட்டார். நான் தேங்க்ஸ் சொல்லவில்லை. எனக்கு வர வேண்டியதைத்தானே வாங்கினேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இந்த வருஷம் பதினாலு பிள்ளைகள். மாறுதல் மனு இன்னும் எழுதவில்லை.