விரிப்பின் மற்றத் தொங்கல்

போன சனிக்கிழமை காலை பதினொன்றேகால் மணியளவில், தேம்ஸ் நதிப் பக்கமாக இருக்கும் ஒரு ஆர்ட் கலரியில், நான் ஒரு நடனத்தைக் குழப்பிவிட்டேன்.

குடித்துவிட்டு அல்ல. சண்டை பிடித்தும் அல்ல. உதவி செய்யப் போய்.

ஆடியது யார் தெரியுமா? என் மனைவி றீற்றா.

சிரிக்காதீர்கள். றீற்றாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு கோலாட்டம்கூட ஆடியவள் அல்ல. லண்டனில் மிச்சம் என்ற இடத்தில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடமாகத் துணி தோய்த்து மடிக்கும் லோண்டரி வேலை. அவள் எப்படி நடனக்காரி ஆனாள்?

எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் பெண்களுக்கு ஒரு ஆங்கில வகுப்பு நடக்கிறது. ஒருநாள் அங்கே கேற் என்றொரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். நடனம் அமைப்பவள். ஆனால், நடனம் தெரியாத ஆட்கள்தான் தனக்கு வேண்டும் என்றாளாம். நீங்கள் நாள் முழுக்கக் கையால் என்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாளாம். றீற்றா மேசையில் கிடந்த விரிப்பை எடுத்து மடித்துக் காட்டியிருக்கிறாள். இன்னொரு முறை மடிக்கச் சொன்னாளாம் கேற். பிறகு இன்னொரு முறை...

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றும் முன்னரே என்னிடம் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, என்னைக் கலரியிலை ஆடக் கேட்டிருக்கினம்."

"என்ன ஆட்டம்?"

"பெட்ஷீற் மடிக்கிறது."

நான் ரிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

எனக்குத் தெரிந்த நடனம் என்றால் மேடை, சலங்கை, மேளம், கடைசியில் ஒரு பொன்னாடை. அவ்வளவுதான். படிப்பும் எனக்குப் பெரிதாக இல்லை. அதனால், கேற் ஒருநாள் தேநீர் குடிக்க வீட்டுக்கு வந்தபோது நேரடியாகவே கேட்டுவிட்டேன் — துணி மடிப்பது எப்படி நடனமாகும்?

அவள் கோபிக்கவில்லை. அறுபதுகளில் நியூயோர்க்கில் சில இளம் ஆட்கள் இதே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்களாம். ஏன் ஆகாது? நடப்பது, குந்துவது, ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு போவது, இதெல்லாம் நடனம்தான் என்றார்களாம். இசை வேண்டாம், மினுக்கம் வேண்டாம். ஓவியம் கீறுகிறவர்களும் சிற்பம் செய்கிறவர்களும் வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஓவியர்கள் ஆடினார்கள். ஆடுகிறவர்கள் தங்கள் உடம்பைச் சிலைபோல வைத்துப் பார்த்தார்கள். அதனால்தான் இந்த நடனம் தியேட்டரை விட்டுக் கலரிக்குள் வந்தது என்றாள். பார்க்கிறவர்களுக்கு இருக்கக் கதிரை கிடையாது. ஒரு படத்தைச் சுற்றி நின்று பார்ப்பதுபோல ஆளைச் சுற்றி நின்று பார்க்கலாம். பின்நவீன நடனம் என்று இதற்குப் பெயராம்.

இதெல்லாம் அந்த ஊரில் ஒரு தேவாலயத்துக்குள்தான் வளர்ந்தது என்றும் சொன்னாள். அதோடு எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. மற்றப் பாதி, எங்கள் பங்குச் சனம் என்ன சொல்லும் என்பது. ஆகவே ஒருவருக்கும் நான் மூச்சு விடவில்லை.

ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், பழகினாள். முன்னறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான். எட்டிப் பார்த்தால் துரத்துவாள். ஆட்டம் ஒரே நாள், இரண்டு தடவை — பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும். என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஷிப்ட்டை மாத்திப்போட்டு வந்து நிண்டு பாருங்கோ. பதினெட்டு வரியமா மடிக்கிறன். ஒருத்தரும் பாத்ததில்லை."

நான் மாற்றினேன். போனேன்.

பெரிய வெள்ளை அறை. ஒரு சுவர் முழுக்க ஒரே வெள்ளை ஓவியம். சாம்பல் நிறத்தில் நாலைந்து கோடு, வேறொன்றும் இல்லை. பக்கத்துச் சுவரில் சின்ன அட்டை. ஓவியங்களுக்குப் பக்கத்தில் ஒட்டுவார்களே, அதைப் போல. அதில் றீற்றாவின் பெயர். அதற்குக் கீழே, பன்னிரண்டு விரிப்புகள், இருபது நிமிடம் என்று எழுதியிருந்தது.

அறுபது பேர் வரை நின்றார்கள். றீற்றா வந்தாள். மடிக்கத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று... நாலாவது பெரிய டபுள் விரிப்பு. கைகளை அகல விரித்தாள். விரிப்பு நழுவி நிலத்தில் விழுந்தது.

றீற்றா விரிப்பை விழுத்துவதா? வலது தோளில் அவளுக்கு நாட்பட்ட நோ. தோள் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். அவளோ எடுக்காமல் அப்படியே நிற்கிறாள். சுற்றி நிற்பவர்களும் சும்மா நிற்கிறார்கள். என்ன சனம் இது? ஒரு மனிசி கஷ்டப்படுகிறாள், அறுபது பேரில் ஒருவருக்குக்கூடக் கால் அசையவில்லையே.

நான் நடுவே போனேன். குனிந்து விரிப்பின் ஒரு தொங்கலை, ஒரு முனையை, எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மற்றத் தொங்கலை நான் பிடித்துக்கொண்டேன்.

காவலர் ஒருவர் என் பக்கம் வந்தார். கேற் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். பிறகு என்ன? திரும்பிப் போகவும் வெட்கம். மற்ற எட்டையும் சேர்ந்தே மடித்தோம். சனம் புன்னகைத்தது. நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

றீற்றா என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

கீழே காப்பிக் கடையில் வந்து இருந்தோம். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அது விழேல்லை. விழுத்தினனான். ஆறு கிழமையா அதைத்தான் பழகினது."

எனக்கு எப்படித் தெரியும், தோள் நோகுதாக்கும் என்றல்லவா வந்தேன் என்றேன்.

"பூசையிலை சுவாமியார் பீடத்திலை துணி மடிக்கேக்கை, ஓடிப்போய் மற்றத் தொங்கலைப் பிடிப்பியளோ?"



உண்மைதானே. ஞாயிற்றுக்கிழமைதோறும் நற்கருணை கொடுத்து முடிந்த பிறகு சுவாமியார் அந்தச் சிறிய வெள்ளைத் துணியை மடிக்கிறார். கோயில் முழுக்க அமைதி. பாட்டு நின்றுவிட்டது, இனி வழிபாடு இல்லை என்று யாராவது எழும்பிப் போகிறோமா? வெறும் துணி மடிப்பு என்று யாராவது சொல்கிறோமா? ஐம்பது வருடத்துக்கு மேலாக அதைப் பார்த்து வருகிறேன். என் வீட்டில் மடிப்பவளை மட்டும்...

வீட்டில் பெரிய விரிப்பென்றால் கூப்பிடுவாள். போய் ஒரு தொங்கலைப் பிடிப்பேன். கை அங்கே இருக்கும், கண் ரிவியில் இருக்கும். அதற்குப் பெயர் உதவி.

நாங்கள் செய்கிற உதவியில் பாதி, பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் செய்கிற உதவிதான் போலிருக்கிறது. ஆளைப் பார்ப்பதை விடக் கையைக் கொடுப்பது சுலபம்.

வீட்டுக்குப் போகட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"நில்லுங்கோ. ஆனா நிண்ட இடத்திலை நில்லுங்கோ."

மூன்று மணிக்குக் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றேன். இந்த முறை பார்த்தேன். விரிப்பின் நடுவை மார்போடு அழுத்தி நாடியால் பிடிக்கிறாள். இரண்டு கையும் சிலுவைபோல விரிகின்றன. மூலையும் மூலையும் சந்திக்கும்போது ஒரு சின்னச் சத்தம் வருகிறது. பின்னால் அந்த வெள்ளை ஓவியம். அதில் இருந்த சாம்பல் கோடுகள் மடிப்புகள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கேற் ஏன் அந்த அறையைத் தேடிப் பிடித்தாள் என்பதும்.

நாலாவது விரிப்பு விழுந்தது. றீற்றா வெறுங்கையோடு நின்றாள்.

எவ்வளவு நேரம்? ஒரு பரலோக மந்திரம், அந்த ‘எங்கள் பிதாவே’ செபம், சொல்லும் நேரம். சும்மா சொல்லவில்லை, மனதுக்குள் சொல்லித்தான் பார்த்தேன். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் யாராவது இறந்தால், அந்தக் கட்டிலின் விரிப்பு தனிப் பையில் லோண்டரிக்கு வருமாம். எப்போதோ ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள். நான் அடுத்த கறியைக் கேட்டிருப்பேன். அந்த விரிப்புத்தான் இது என்று நான் நினைக்கிறேன். அவளிடம் கேட்கவில்லை.

என் கால் சப்பாத்துக்குள் துடித்தது. நான் போகவில்லை.

அவளே குனிந்தாள். தோள் நோவோடுதான். எடுத்தாள். மற்ற எல்லாவற்றையும் விட மெதுவாக அதை மடித்தாள். பன்னிரண்டும் முடிந்ததும் அடுக்கைத் தூக்கிக்கொண்டு, ஒரு கும்பிடுகூடப் போடாமல், எங்களைத் தாண்டி நடந்து போனாள். ஒருவரும் கை தட்டவில்லை. பூசை முடிந்த கோயில் மாதிரி இருந்தது.

வெளியே வரும்போது கேற் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மூன்று மணி ஆட்டத்தில் நீங்களும் மிக நன்றாகச் செய்தீர்கள் என்றாள்.

நான் ஒன்றுமே செய்யவில்லையே என்று தமிழில் றீற்றாவிடம் சொன்னேன்.

"ஓம். அதைத்தான் அவ சொல்லுறா."