ரோட்டுக்கு ஏது ஈசானி மூலை

பஸ்ஸில் கண் அசரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். சக்கரத்துக்கு அடியில் தார் ஓடும் இரைச்சல் மெல்ல மெல்ல வேறொன்றாக மாறும். காற்றில் பயிரும் பயிரும் உரசுகிற சரசரப்பு. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகிற ரோடு முழுக்கப் பச்சையாகி, பஸ் ஒரு தோணி மாதிரி அதன் நடுவே மிதந்து போகும். டிரைவர்கூட முழங்காலளவு தண்ணீரில்தான் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் விசில் அடித்ததும் எல்லாம் வடிந்து ரோடு மறுபடியும் ரோடாகிவிடும்.

கனவு என்று சொல்லிவிடலாம். ஆனால் எட்டு வயதில் இதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவுக்குப் போகிற ரோட்டில் ஒரு குறுவை நெல் விளைந்தது. விளைந்தது என்று முழுசாகச் சொல்லவும் முடியாது. அந்தக் கதைதான் இது.

எங்கள் தெரு மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி, நாலாபக்கமும் வயல் சூழ இருந்தது. தெருவில் எல்லாருக்கும் வேலை வயலில். வயல் ஒருவருக்கும் இல்லை. மெயின் ரோட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மண் ரோடு. காவேரியில் தண்ணீர் திறந்துவிட்டால் பக்கத்து வாய்க்கால் கசிந்து அது சேறாகும். ஐப்பசி மழையில் ஆறாகவே ஆகிவிடும். ஊரே தண்ணீர் வந்துவிட்டது என்று சந்தோஷப்படும் நாளில் எங்கள் தெரு மட்டும் பாதி சந்தோஷப்படும்.

அதற்கு முந்தின வருஷத்து ஐப்பசியில் சித்திக்கு வலி எடுத்தது. கார் உள்ளே வரவில்லை. மாட்டுவண்டி அச்சு வரைக்கும் இறங்கி நின்றுவிட்டது. கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சேற்றில் எங்கே ஓடுவது? மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சித்தி திரும்பி வந்தபோது அவள் கையில் பிள்ளை இல்லை. அப்புறம் சில நாள் கொல்லையில் செம்பருத்திச் செடியடியில் நின்றுகொண்டு மாரிலிருந்து பாலைப் பீய்ச்சிவிடுவாள். செடிக்கு உரம் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பூவும் அந்த வருஷம் நிறையத்தான் பூத்தது.

அடுத்த ஆடியில் சித்தி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். ஐப்பசிக் கடைசியில் பிள்ளை பிறக்கும் என்றார்கள். ஐப்பசி என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை.

மாமாதான் எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தவர். அம்மாவுக்கும் சித்திக்கும் தம்பி. தஞ்சாவூருக்குக் காலேஜ் படிக்கப் போனவர், படிப்போடு சேர்த்து ஒரு தாடியையும் ஒரு வீதி நாடகக் குழுவையும் சம்பாதித்துக்கொண்டு வந்திருந்தார். ஊருக்கு வரும்போது கையில் பெயின்ட் டப்பா இருக்கும். ரோடு கேட்டு மனு கொடுத்துக் கொடுத்துத் தெருவே அலுத்துப்போயிருந்த நேரம்.

“மனு எழுதுனா அவங்க படிக்கணும். படிக்கலைன்னா போச்சு. படமா காட்டிட்டா பாக்காம இருக்க முடியாதுக்கா” என்றார் மாமா.

“என்னடா படம்?” என்றாள் சித்தி.

“ரோட்ல நாத்து நடுவோம்.”

சித்தப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: “நல்லா நடுங்க. அறுப்புக்கு முந்தி மறக்காம உளுந்தும் தெளிச்சு விட்டுருங்க.”

குறுவை நடவு நடந்துகொண்டிருந்த நேரம் அது. நட்டு மீந்த நாற்று முடிகளை வரப்பிலிருந்து பொறுக்கிக்கொண்டு, ஒரு சாயங்காலம் வேலைவிட்டு வந்த பெண்கள் எல்லாரும் ரோட்டில் இறங்கினார்கள். மாமாவின் சிநேகிதர் ஒருவர் கேமராவோடு பஸ்ஸில் வந்து, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றார். “ஆளுக்கு ஒரு முடி சும்மா சொருகுங்க. போட்டோ எடுத்ததும் போயிடலாம்” என்றார் மாமா.

அங்கேதான் அவர் கணக்குப் பிசகியது. சும்மா சொருகுவது எப்படி என்று அந்தத் தெருவில் ஒருத்திக்கும் தெரியவில்லை. முதலில் மேடு பள்ளத்தைக் காலாலேயே மிதித்துச் சமப்படுத்தினார்கள். தண்ணீர் ஓடிவிடாமல் இரண்டு பக்கமும் சேற்றை அள்ளி வரப்பு கட்டினார்கள். அதன்பிறகு ஒரு சந்தேகம் வந்து நடவு நின்றது. முதல் நாற்றை ஈசானி மூலையில்தான் ஊன்ற வேண்டும். வயலென்றால் வடகிழக்கு மூலை தானாகத் தெரியும்.

“ஈசானி மூல எதுக்கா?”

“ரோட்டுக்கு ஏதுடி ஈசானி மூல! அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கு.”

“அப்ப மெட்ராஸ்ல போயி ஊனிட்டு வாங்க. அங்கதான் முடியுமாம்.”

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. கேமராக்காரர் வெளிச்சம் போகிறது, வெளிச்சம் போகிறது என்று தவித்தார். கடைசியில் சித்தி நாலா திசையும் பார்த்துவிட்டு, ஒற்றைப் பனைமரத்தடியில் போய்க் குனிந்து, முதல் நாற்றை ஊன்றினாள். குலவை எழும்பியது. வாய்க்கால் கரையிலிருந்த கொக்குகள் கிளம்பிப் போயின. அதற்கப்புறம் வாய்க்கால் மதகு வரைக்கும் அவர்களை யாராலும் நிறுத்த முடியவில்லை.

“அக்கா, கொஞ்சம் இங்க பாருங்க” என்றார் கேமராக்காரர்.

“எப்புடி சார் பாக்குறது? வரிச கோணிக்காதா?”

அன்றைக்கு எனக்கும் ஒரு வேஷம் இருந்தது. மாமாவின் பேன்ட்டை இடுப்பில் வாழைநாரால் கட்டிக்கொண்டு, நான்தான் அதிகாரி. ரோட்டுக்குக் குறுக்கே கட்டியிருந்த ரிப்பனை வெட்டி, மாமா சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன்: “இந்த ரோட்டை இத்தனை வருஷமாக இப்படியே காப்பாற்றி வைத்திருக்கும் எல்லாருக்கும் அரசின் சார்பில் நன்றி.” ஏன் எல்லாரும் சிரித்தார்கள் என்று புரியவில்லை. நான் மனசார நன்றி சொல்லியிருந்தேன்.

இன்னொன்றும் புரியவில்லை. நடுவில் ஒரு தடவை சித்தி முதுகை நிமிர்த்திக்கொண்டு, வழக்கம்போல வரப்பைப் பார்த்தாள். வேலை செய்கிற வயலில் வரப்பின் மேல் குடை பிடித்துக்கொண்டு யாராவது நிற்பார்கள், இடுப்பை நிமிர்த்தினால் அதட்டுவார்கள். இங்கே வரப்பில் ஒரு தவளைதான் உட்கார்ந்திருந்தது. சித்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். மாமாவின் தாடியில் சேறு பட்டிருந்ததைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நானும் சிரித்தேன்.

போட்டோ எடுத்தாயிற்று. எல்லாரும் கலைந்தார்கள். நாற்று கலையவில்லை. சில நாளில் வேர் பிடித்து, மஞ்சள் மாறிப் பச்சை கட்டி நின்றது.

அதிலிருந்து தெருவுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. வேலைவிட்டு வருகிற பெண்கள் வீட்டுக்குப் போகாமல் ரோட்டில் இறங்கிக் களை பறித்தார்கள். ஆடுகளைக் கட்டிப் போட்டார்கள். சைக்கிளை எல்லாரும் தோளில் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்தார்கள். “ரோடு இல்லேன்னு போராட்டம் பண்ணீங்க. இருந்த ரோடும் போச்சு” என்று சித்தப்பா தினமும் சொல்வார். சொல்லிக்கொண்டே வரப்பில் நண்டு போட்ட பொத்தலைக் காலால் அடைத்துவிட்டுப் போவார்.

மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மெயின் ரோடு முக்கில் ஒரு பலகை நட்டார். நீல பெயின்ட்டில் அம்புக்குறி போட்டு எழுதியிருந்தார்: ‘அரசாங்க ரோட்டில் விளையும் அதிசய நெல். அனுமதி இலவசம். செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்.’ பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று பார்த்தார்கள். சிரிக்க வந்தவர்கள் பயிரைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு, “என்ன ரகம்? தழைச்சத்து போட்டீங்களா?” என்று விசாரித்தார்கள். பேப்பரில் படம் வந்தது. ஒருநாள் ஜீப்பில் வந்த அதிகாரி ஒருவர் பலகையை நின்று படித்தார். முகம் சிவந்து, ஷூவைக் கழற்றலாமா வேண்டாமா என்று சற்று யோசித்தார். கழற்றாமலே திரும்பிப் போனார்.

பயிர் வளர்ந்தது. சித்தியும் வளர்ந்தாள். கதிர் வெளியே வருமுன் தண்டு பருத்து நிற்பதை எங்கள் பக்கம் சூல் என்பார்கள். வெயில் தாழ்ந்தபின் சித்தி பனைமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து, வயிற்றில் ஒரு கையும் வரப்பில் ஒரு கையுமாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் கூப்பிட்டாலும் உடனே எழுந்திருக்க மாட்டாள். காற்று வந்தால் ரோடு முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிரும். ரோடு மூச்சு விடுகிறது என்று சித்தியிடம் சொன்னேன். “பேசாம கேளுடி” என்றாள்.

புரட்டாசி பிறந்ததும் ஒரு காலையில் மெயின் ரோட்டிலிருந்து கடகடவென்று சத்தம் கேட்டது. ரோடு ரோலர். பின்னாலேயே கப்பிக்கல் ஏற்றிய லாரி, தார் டிரம்கள். தெருப் பிள்ளைகள் எல்லாரும் கத்திக்கொண்டு ஓடினோம். மாமா பேப்பரைச் சுருட்டி ஊதிக்கொண்டே வந்தார். சித்தப்பா மேஸ்திரிக்கு டீ வாங்கி வர ஆள் அனுப்பினார்.

பனைமரத்தடிக்கு வந்ததும் ரோலர் நின்றது. முன்னால் பெண்கள் நின்றிருந்தார்கள்.

“என்னம்மா, வழிய விடுங்க” என்றார் மேஸ்திரி.

“கதிர்ல பால் புடிச்சிருக்குங்க. ஒரு பதினஞ்சு இருவது நாளு பொறுத்துக்கிட்டீங்கன்னா அறுத்துருவோம்.”

மேஸ்திரிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. “ஏம்மா, ரோடு வேணும்னு நட்டீங்களா, நெல்லு வேணும்னு நட்டீங்களா?”

சித்தப்பா கத்தினார்: “கிறுக்குப் புடிச்சிருச்சா எல்லாருக்கும்? வந்த ரோட்டைத் திருப்பி அனுப்புவீங்களாடி?”

“நான் இன்னிக்கித் திரும்பினா மிஷின் ஒரத்தநாட்டுப் பக்கம் போயிரும்” என்றார் மேஸ்திரி. “அப்புறம் மழை வந்துரும். மழையில தார் ஒட்டாது. அடுத்த வருஷமோ என்னமோ, நான் சொல்ல முடியாது.”

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கும் மாமா, சுருட்டிய பேப்பரைக் கையில் பிடித்தபடி பயிரையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. அவர் போட்ட படம்தான் அது. கதிர் முற்றுமென்று அவர் நினைத்தே பார்க்கவில்லை.

அப்புறம் ஒவ்வொருத்தியாகத் திரும்பி சித்தியைப் பார்த்தார்கள். அவள் வயிற்றைப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா மட்டும் மெல்லச் சொன்னாள்: “நீ சொல்லுடி. நீ என்ன சொல்றியோ அதான்.”

சித்தி பயிருக்குள் இறங்கினாள். ஒரு கதிரை வளைத்து ஒரு மணியைக் கிள்ளினாள். நகத்தால் அழுத்தியதும் வெள்ளையாக ஒரு சொட்டு அவள் விரல் நுனியில் நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு என் நாக்கில் தடவினாள். இனித்தது. இன்னொன்று கேட்டேன். சித்தி கேட்காத மாதிரி பனைமரத்தடிக்குப் போனாள். பக்கத்தில் நின்றவள் இடுப்பிலிருந்த அரிவாளை வாங்கி, முதல் நாற்றை ஊன்றிய அதே இடத்தில் வயிற்றைத் தாங்கிக் குனிந்து, அறுத்தாள்.

ஒருத்தி இறங்கினாள். அப்புறம் எல்லாரும் இறங்கினார்கள். குலவை இல்லை. அரிவாள் சத்தம் மட்டும். ரோலர் டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி நின்றார். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் பச்சைக் கட்டுகளாகக் கிடந்தது. அன்றைக்குத் தெருவிலிருந்த மாடுகளுக்கெல்லாம் விருந்து. நெல்லும் பாலுமாகக் கடைவாயில் வழிய வழியத் தின்றன.

“ரோடுதான் வந்துருச்சே, ஏன் சித்தி அழுவுற?” என்று கேட்டேன்.

“தார்ப் புகைடி” என்றாள். தார் இன்னும் காய்ச்ச ஆரம்பித்திருக்கவில்லை. எனக்கு அது உறைக்கவும் இல்லை.

ஐப்பசியில் அப்படி ஒரு மழை பெய்தது. மழைக்கு நடுவே ஒரு கார் எங்கள் வாசல் வரைக்கும் வந்து நின்றது. மாமா ஏற்பாடு செய்த கார். சித்தி அதில் ஏறிப் போனாள். சில நாள் கழித்து, துணிக்குள் சிவப்பாக, முஷ்டியை மடக்கிக்கொண்டு தூங்குகிற ஒரு தம்பியோடு அதே கார் அதே ரோட்டில் திரும்பி வந்தது. தெருவே ஓடிப் போய்ப் பார்த்தது. மாமா அந்த ரோட்டைப் பற்றி ஒரு நாடகம் போட்டார். ஊர் ஊராகக் கைதட்டல் வாங்கியது. நாடகத்தில் கடைசிக் காட்சி ரோலர் வருவதுதான். அறுத்ததை அவர் வைக்கவில்லை.

மார்கழியில் தாளடிப் பயிருக்குக் களை எடுக்க விடியற்காலையிலேயே பெண்கள் கிளம்பிப் போவார்கள். பள்ளிக்கூடம் லீவு. நானும் கூடப் போவேன். தம்பி சித்தியின் தோளில் துணிமூட்டையாகத் தூங்குவான். பனி இறங்கி ரோடு கண்ணுக்கெட்டியவரை கருப்பாக, புத்தம் புதிதாக நீண்டு கிடக்கும். எல்லாரும் பேசிச் சிரித்துக்கொண்டு ரோட்டை அடைத்து நடந்து வருவார்கள். பனைமரம் வந்ததும் பேச்சு நிற்கும். எல்லாரும் ஓரத்துக்கு ஒதுங்கி, வரப்பில் போகிற மாதிரி ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போவார்கள். மதகைத் தாண்டியதும் மறுபடி ரோட்டில் ஏறுவார்கள். மறுபடி சிரிப்பு.

நான் மட்டும் நடுரோட்டில் ஓடினேன்.

“நடுவுல ஓடாதடி” என்றாள் சித்தி.

திரும்பிப் பார்த்தேன். “வண்டி வருதா?”

“வரல.”

“பின்ன என்ன?”

சித்தி தம்பியைத் தோள் மாற்றிக்கொண்டு, ஓரத்துப் புல்லில் நடந்தாள். தார் ரோடென்றால் காலைச் சுடும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஒதுங்கிப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, சில்லென்று பனியில் நனைந்து கிடந்த அந்த ரோட்டில், வெறுங்காலோடு, நடுவிலேயே ஓடினேன்.