நல்ல காரியத்துக்குப் போன நாற்காலி

நான் அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். இன்றைக்கு மலையாளத்துச் சித்தூரில் எனக்கு மாவு மில் இருக்கிறது, எண்ணெய் மில் இருக்கிறது, அது போதாதென்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடைக்கட்டிடமும் இருக்கிறது. எல்லாம் நானாகச் சம்பாதித்தது. மில்லில் மோட்டார் நின்றுபோனால் மெக்கானிக் சைக்கிளை எடுப்பதற்குள் நான் ஓட வைத்துவிடுவேன். சக்கரம் என்று ஒன்று எதில் இருந்தாலும் அது என் பேச்சைக் கேட்கும். இந்தக் கைராசி எங்கே தொடங்கியது என்று கேட்டால், அத்தையை மலம்புழை டேமுக்குத் தள்ளிக்கொண்டு போன நாளைத்தான் சொல்வேன். அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகாமல் எங்களோடே இருந்தாள். இருபது வயதைத் தாண்டுவதற்கு முன்பே கீல்வாதம் வந்து, முட்டியும் மணிக்கட்டும் வீங்கி, விரல்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி பார்த்தாகிவிட்டது. தைலம், கசாயம், பத்தியம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அது பாட்டுக்கு இருந்தது. அந்த நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காலையில் கட்டிலை விட்டு இறங்கவிடாது. வெயில் ஏறியதும் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்கொட்டகை வரைக்கும் போய்விடுவாள். அதைப் பார்த்த ஊரார் சும்மா இருப்பார்களா. "காலைல எந்திரிக்க முடியாதவ இப்ப எப்படி நடக்கறா? நடிக்கறா" என்று முடித்துவிட்டார்கள். அத்தை காதில் விழாத மாதிரி போய் மாட்டுக்குத் தவிடு வைப்பாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மலம்புழைப் பைத்தியம் பிடித்திருந்தது. அணைக்கட்டு, கீழே பூந்தோட்டம், கலர் லைட்டில் தண்ணீர் பீச்சும் ஊற்று. அதற்கெல்லாம் மேலே, தோட்டத்துக்குள் புதிதாக வைத்த யட்சி சிலை. பெரிய வீடு உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். உடம்பில் ஒட்டுத் துணி கிடையாது. போய்வந்த பெண்கள் தண்ணீர் சேந்தும்போது வாயைப் பொத்திக்கொண்டு அதைப் பற்றிப் பேசுவார்கள். அத்தை பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். "உனக்கெதுக்கு அம்மிணி அதெல்லாம்" என்பார்கள்.

ஒருநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை நேராகவே கேட்டுவிட்டாள்.

"அண்ணா, நான் மலம்புழைக்குப் போய்ட்டு வரட்டுங்களா?"

"நடந்து சுத்தீருவியா?"

"வாடகைச் சாமான் கடைல சக்கர நாற்காலி இருக்குதுங்களாம்."

அப்பா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்டா, குண்டா, பெஞ்சு, மடக்கு நாற்காலி, பெட்ரோமாக்ஸ் விளக்கு எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். கடைக்குள் சாமான்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும். வலப்பக்கம் கல்யாணம், சீர், காதுகுத்துக்குப் போகிற சாமான். இடப்பக்கம் இழவு வீட்டுக்குப் போகிற சாமான். இந்தப் பக்கத்துப் பெஞ்சு அந்தப் பக்கம் போகாது. சக்கர நாற்காலி ஏதோ ஆஸ்பத்திரி ஏலத்தில் கடைக்காரர் எடுத்தது. படுக்கையில் விழுந்தவர்கள் இருக்கிற வீட்டுக்குத்தான் அது போகும். கொஞ்ச நாளில் நாற்காலி மட்டும் திரும்பி வரும். அதன் பின்னாலேயே இடப்பக்கத்துப் பெஞ்சு அதே வீட்டுக்குப் போகும். அதனால் அவர் நாற்காலியையும் இடப்பக்கத்திலேயே போட்டுவிட்டார்.

"அதுல ஏறுனவங்க ஒருத்தரும் எறங்குனதில்ல. உசுரோட இருக்கறவளுக்கு அது எதுக்கு?" என்றார் அப்பா.

"உசுரோட இருக்கறவளுக்குத்தானுங்க அண்ணா கேக்கறேன்."

"நான் இருக்கற வரைக்கும் அது இந்த வாசலுக்கு வராது."

மற்றவர்களாக இருந்தால் அழுதிருப்பார்கள். அத்தை, அப்பா எந்த நாளில் வாசலில் இருக்கமாட்டார் என்று யோசித்தாள். வியாழக்கிழமை பொள்ளாச்சி மாட்டுச் சந்தை. விடியுமுன் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்.

கடைக்காரரைக் கூட்டிவந்தது நான்தான். பெரியவர்கள் போயிருந்தால் அவர் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார். நான் கடைவாசலில் நின்ற நிலையில் நின்று, அவரைக் கிளப்பிக் கொண்டுவந்தேன். ஆனால் வந்தவர் தலையை ஆட்டினார்.

"எடப்பக்கத்துச் சாமானு நல்லதுக்குப் போகக் கூடாதுங்க அம்மிணி. ரோட்டுல கண்டா, ஆருக்கு முடியலன்னு கேட்டுட்டு உங்க ஊட்டுக்கு நாலு பேரு வந்துருவாங்க."

"அப்ப வலப்பக்கம் மாத்திப் போடுங்க" என்றாள் அத்தை.

"அது எப்படிங்க?"

"மஞ்சத்தண்ணி தெளிச்சு, சூடம் காட்டி, பூ வெச்சு அனுப்புங்க. உங்க கல்யாண சோபாவும் வெட்டிச் சாச்ச மரந்தானுங்களே."

அவர் அத்தையின் கையைப் பார்த்தார். அத்தை அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "செரிங்க. நல்ல காரியம்னே எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அப்பா கிளம்பிப் போன பிறகு, மாமன் தன் வேனில் நாற்காலியை ஏற்றிக்கொண்டு வந்தார். மாமன் என் அம்மாவின் தம்பி. சித்தூர்த் தோப்புகளில் இறக்கும் கள்ளை வெளியூர்க் கடைகளுக்குக் கொண்டுபோகும் வேன் அவருடையது. கதவைத் திறந்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைக்காரர் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தார். கொஞ்சம் அதிகமாகவே காப்பாற்றியிருந்தார். இரும்புக் குழாய் தெரியாமல் சிவப்பும் மஞ்சளுமாகக் கிரேப் காகிதம் சுற்றியிருந்தது. முதுகுப் பக்கத்தில் கல்யாண சோபாவின் ஜரிகைத் துணி. சக்கரக் கம்பிகளில் காகிதப் பூ. நான்கு மூலையிலும் மஞ்சள், குங்குமம். வலப்பக்கத்துச் சாமான் எதுவும் அந்தக் கடையிலிருந்து அப்படித்தான் வெளியே போகும், அது அவர் வழக்கம்.

"பொண்ணழைப்புக்குப் போற மாதிரி இருக்குதுங்க" என்றார் மாமன்.

அத்தை நாற்காலியைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம், "அண்ணி, இதுக்கு இந்த நூல்சேலை எடுப்பா இருக்காதுங்க. உங்க பட்டைக் குடுங்க" என்றாள். அம்மா போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

"வண்டில கள்ளு நாத்தம் இருக்கும் அம்மிணி. கழுவித்தான் உட்டிருக்கறேன்."

"பரவால்லீங்க. குடிக்காமயே தெம்பாப் போலாம்."

மலம்புழையில் எங்களை இறக்கிவிட்டு, கள்ளை இறக்கிவிட்டு வருகிறேன் என்று மாமன் போய்விட்டார். இனி எல்லாம் என் பொறுப்பு. பட்டுச்சேலையும் பூ வைத்த தலையுமாக அத்தை உட்கார்ந்திருக்க, ஜரிகை மின்ன நான் தள்ளிக்கொண்டு போனேன். பத்தடி போவதற்குள் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் அடிக்கடி சினிமா பிடிப்பார்கள். இப்படி ஒரு நாற்காலியில் இப்படி ஒரு பெண் வந்தால் ஜனங்கள் வேறு எதை நினைப்பார்கள்.

"ஷூட்டிங்காணோ மோளே?" என்று ஒரு அம்மாள் என்னிடம் கேட்டாள்.

நான் வாயே திறக்கவில்லை. வாயைத் திறக்கக் கூடாத இடம் எது என்று எனக்கு அப்போதே தெரியும். இந்த மில்லெல்லாம் பின்னே எப்படி வந்தது.

"கேமரா எவிடே?" என்றான் இன்னொருவன்.

"பின்னால வருது" என்றேன்.

கொஞ்ச தூரத்தில் படிக்கட்டு வந்தது. நாற்காலி நின்றது. அத்தை என் தோளைப் பிடித்து எழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு படி ஏறினாள். இன்னொரு படி ஏறும்போது முகமெல்லாம் வேர்த்துக் கோணியது. ஒரு முனகல் வந்தது. நாற்காலியில் வந்தவள் நடக்கிறாள் என்றால் எங்கள் ஊரில் என்ன சொல்வார்களோ அதையேதான் இவர்களும் சொன்னார்கள். "எந்தொரு அபிநயம்", என்ன ஒரு நடிப்பு என்று ஒருவர் வியந்தார். யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள்.

அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல இதுக்குத்தான் கண்ணு பேச்சு வாங்கறேன். இங்க கை தட்டறாங்க பாரு."

கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் ஓடிவந்து, அவளை நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு தூக்கினார்கள். "மாறிக்கோ, மாறிக்கோ" என்று வழி விலக்கினார்கள். "பாத்துத் தூக்குங்க, பூ விழுந்துரும்" என்று மேலேயிருந்து அத்தை உத்தரவு போட்டாள்.

கேமரா வராது என்று தெரிந்ததும் கூட்டம் கரைந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்து நாற்காலியும் மக்கர் பண்ணியது. சக்கரத்தில் இருந்த கிரேப் காகிதம் அவிழ்ந்து அச்சில் சுற்றி, சக்கரம் இறுகிவிட்டது. தள்ளினேன், நகரவில்லை. சிலை இன்னும் தள்ளி இருந்தது. மாமன் வருகிற நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை, இங்கிருந்தே தலை தெரியுதுங்க. பாத்துட்டுப் போயர்லாமா?"

"தலையப் பாக்கறதுக்கா இத்தன தூரம் வந்தேன்? நீ முடிஞ்சா தள்ளு. முடியலன்னா சொல்லு, நான் தவழ்ந்து போயிக்கறேன். திரும்பிப் போற பேச்சு மட்டும் எடுக்காத."

அவள் தவழ்ந்தே போய்விடுவாள் என்று அந்தக் குரலில் தெரிந்தது. நான் தரையில் படுத்தேன். விரல் நுழையவில்லை. வாயை வைத்துக் காகிதத்தைக் கடித்துக் கடித்து இழுத்தேன். பல்லெல்லாம் சிவப்புச் சாயம். கடைசித் துண்டு வந்ததும் நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, சரளைக்கல் பாதையில் இழுத்துக்கொண்டு போனேன். முன்னால் தள்ளினால் சின்னச் சக்கரம் கல்லில் புதையும், பின்னால் இழுத்தால் புதையாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அப்படி இழுத்து வந்து சிலைக்கு நேரே திருப்பி நிறுத்தினேன். குடும்பத்தோடு வந்தவர்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனார்கள். ஆண்கள் மலையைப் பார்க்கிற மாதிரி நின்றார்கள். எனக்கு நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. அத்தையோ வைத்த கண் எடுக்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போகிறவர்கள் சிலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்தார்கள். எனக்கு இந்த அசிங்கத்துக்கா காகிதம் கடித்தேன் என்றிருந்தது.

"கண்ணு, அவ கையப் பாத்தியா?" என்றாள் அத்தை.

அந்தச் சிலை இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களைக் கூந்தலுக்குள் விட்டிருந்தது.

"எத்தன ஒசரத்துக்குத் தூக்கியிருக்கறா. தோளு எறங்கவே இல்ல பாரு."

சொல்லிவிட்டு அத்தை முந்தானைக்குள்ளிருந்து வலதுகையை எடுத்து மெல்ல உயர்த்தினாள். தாடை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. இடதுகையை முழங்கைக்குக் கீழே கொடுத்து உந்தினாள். காது வரைக்கும் வந்தது. கூந்தலைத் தொடவில்லை. தினமும் காலையில் அவளுக்குத் தலை வாரிப் பின்னிப் பூ வைப்பது என் அம்மா. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுக் கையை மடியில் இறக்கினாள். "போலாம் கண்ணு. பாத்தாச்சு" என்றாள். மாமன் வரும்வரை வேறெதையும் பார்க்கக் கேட்கவில்லை. நீரூற்றைக்கூட.

நாங்கள் திரும்பியபோது அப்பா எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாமன் நாற்காலியை இறக்கினார். அம்மா அத்தையைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அந்தச் சிலைகிட்டயும் போனாளா?"

"போனோமுங்க."

"பாத்துட்டே நின்னாளா?"

அவர் முகம் இருந்த இருப்பில், ஆமாம் என்று சொன்னால் அத்தை இனி வாசல்படி தாண்டமாட்டாள் என்று எனக்குப் பட்டது. சட்டென்று ஒரு பொய்யை யோசித்தேன்.

"அத்தை அதை ஒண்ணும் பாக்கலீங்க அப்பா. கையத்தான் பாத்தாங்க. தோளு எறங்கவே இல்லன்னாங்க. பொறவு அவங்களும் தூக்கிப் பாத்தாங்க." எப்படித் தூக்கினாள் என்று செய்தும் காட்டினேன். தாடை வரைக்கும், இன்னொரு கையைக் கொடுத்துக் காது வரைக்கும்.

அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மாமன் நாற்காலியை வேனில் திரும்ப ஏற்றப் போனபோது, "இருக்கட்டும். நாளைக்குக் கடைக்காரங்கிட்ட நானே பேசிக்கறேன்" என்று சொல்லி, அதைத் தானே உருட்டிக்கொண்டுபோய் உள்ளே விட்டார்.

அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பேர்ப்பட்ட அப்பாவின் கோபத்தை ஒரே பொய்யில் இறக்கிவிட்டேன் என்று மாமனிடம் சொன்னேன், அம்மாவிடம் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் சொன்னேன். நான் சொன்னது பொய் என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.