தட்டைப் பார்த்திருக்க வேண்டும்

குயிலாப்பாளையத்தில் வெளிநாட்டினர் தங்கும் விடுதி ஒன்றில் சமைக்கிறேன். படித்தது ஐந்தாவதுதான். யார் ஆங்கிலம் பேசினாலும் தலையாட்டுவேன். திருப்பிக் கேட்கக் கூச்சம்.

ஒருநாள் ஆஸ்திரேலியாக்காரப் பையன் என் மல்லாட்டைச் சட்னியை, அதான் வேர்க்கடலைச் சட்னியை, வழித்துச் சாப்பிட்டுவிட்டு "சிக்! சிக்!" என்றான். பிரமாதம் என்று அர்த்தமாம், மேனேஜர் அம்மா சொன்னார். மனசு குளிர்ந்துவிட்டது.

அடுத்த மாதம் லண்டன் பெண் ஒருத்தி தட்டைத் தள்ளி வைத்து "சிக்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு கரண்டி சட்னி ஊற்றினேன். அவள் வாந்தியெடுத்து அப்படியே மேசையில் சாய்ந்துவிட்டாள். தொட்டால் உடம்பு நெருப்பாய்ச் சுட்டது.

மேனேஜர் அம்மா ஓடி வந்தார். "இன்னாம்மா நீ! அது முடியலன்னு சொல்லுது, நீ ஊத்திக்கினே இருக்கிறியே!"

"நீங்கதானம்மா பிரமாதம்னு சொன்னீங்க?"

"அது அந்தப் பையன் ஊர்ப் பசங்க பேச்சும்மா. லண்டன்ல கொமட்டினா அப்படிச் சொல்வாங்க. அமெரிக்காக்காரங்களுக்குக் காய்ச்சல்னாலும் அதான்!"

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அவளைத் தேற்றினார்கள். ஊருக்கொரு அர்த்தம் வைத்தால் எங்களைப் போன்றவர்கள் என்னதான் செய்வது? எரிச்சலாக வருகிறது. என் மேலும்தான். அவள் தட்டில் இட்லி விள்ளாமலே கிடந்ததைக் கண்ணால் பார்த்தேனே!

இப்போது யார் "சிக்" என்றாலும் முதலில் தட்டைப் பார்க்கிறேன். காலியாக இருந்தால்தான் சிரிக்கிறேன். இல்லையென்றால், கூச்சத்தை விட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிடுகிறேன்.